எந்தப் புதுக்குப்பம், ஸார்?

புதுச்சேரி டூமா தெருவில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூட்டர் நிறுத்துகிறேன். டூமா யார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஏதோ வெள்ளைக்காரத் துரை, செத்துப் போனார், தெருவுக்குப் பேர் வைத்தார்கள். நமக்கு நிழல் இருந்தால் சரி!

இந்த டூமா நம்மூருக்கு கவர்னராக வந்தது 1735-ல். அதற்கு முன்னால் எட்டு வருஷம் இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவுக்கு கவர்னர். அன்றைக்கு அதற்குப் பேர் பூர்போன். இன்றைக்கு ரீயூனியன். அந்தத் தீவுக்குத்தான் போன ஜூலையில் போய்விட்டு வந்தேன். டூமா அங்கிருந்து இங்கே வந்தார், நான் இங்கிருந்து அங்கே போனேன். அவருக்கு கம்பெனிச் செலவு, எனக்கு ஜி.பி.எஃப். அட்வான்ஸ். வித்தியாசம் அவ்வளவுதான்.

என் சித்தப்பா 1962-ல் பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு எழுதிக் கொடுத்தவர். எங்கப்பா கொடுக்கவில்லை. (காரணம் கேட்டால், "அன்னிக்கு க்யூ ஜாஸ்தியா இருந்துச்சுடா" என்பார்.) சித்தப்பா மகன் அந்தத் தீவில் ஸ்கூல் வாத்தியார். "வாண்ணே, டிக்கெட் நீ போடு, சோறு நான் போடறேன்" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். இந்த வருஷம் நிஜமாகவே கிளம்பிவிட்டேன். அவன் கொஞ்சம் அதிர்ந்த மாதிரிதான் தெரிந்தது.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீயூனியன் 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோதான் செலாவணி. ஆனால் பாரீஸ் போக வாங்கும் ஷெங்கன் விசா மட்டும் இங்கே செல்லாது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் மொரீஷியஸ் போய் விமானம் மாறினேன். அங்கிருந்து முக்கால் மணி நேரம். பக்கத்து ஸீட் பாட்டி தூங்கி எழுவதற்குள் தீவு வந்துவிட்டது.

கிளம்பும்போது என் சம்சாரம், "கொழுந்தனார் பாவம், கறிவேப்பிலை இல்லாம நாக்கு செத்துப் போயிருக்கும்" என்று ஒரு கட்டு கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்தார்கள். பச்சை இலை கொண்டு வரக் கூடாதாம். எனக்குக் கை கால் உதறல். அந்த ஆபீஸர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆ! கலுப்பிலே!" என்றார்.

தீவில் அதற்கு அதுதான் பேர்! வீட்டுக்கு வீடு மரம் நிற்கிறதாம். சிரித்துக்கொண்டே கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனால் பீர்க்கங்காயைப் 'பிபாங்காய்' என்கிறார்கள். முருங்கைக் கீரை 'முருங்' ஆகிவிட்டது. கறி 'கரி'. ஆட்டுக்கறி மசாலாவுக்கு 'மசாலே'. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ழூர்', 'மெர்சி' இரண்டுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிட்டேன்.

தீவு என்றதும் நான் கடல், மணல், தென்னை என்று நினைத்து நாலு அரைக்கை சட்டையோடு போனேன். பெரிய தப்பு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருபத்தோரு டிகிரி. நமக்கு ஜூலையில் புழுக்கம், அவர்களுக்குக் குளிர்காலம். தம்பி விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி எரிமலை பார்க்கக் கூட்டிப் போனான். கார் ஏறி நின்ற இடம் 2,300 மீட்டர் உயரம். எரிமலைக்குப் பக்கத்தில் கதகதப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார் ஸீட்டில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, 'பிரான்ஸ் வந்து இந்தக் கோலமா' என்று நின்றேன். உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கிற மலைகளில் இதுவும் ஒன்று. 1977-ல் நெருப்புக் குழம்பு கிழக்குக் கரையில் ஊருக்குள் இறங்கி, ஒரு மாதா கோயில் வாசல் வரை வந்து, இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது. கோயில் அப்படியே நிற்கிறது.

மழையும் லேசுப்பட்டதில்லை. 1966 ஜனவரியில் மலைமேல் ஓரிடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. புதுச்சேரியில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்! கடலில் குளிக்கலாமென்றால் சுறா. 2013-லிருந்து பவளப்பாறைக்கு உள்பக்கமும் காவல் உள்ள இடங்களும் தவிர மற்ற இடத்தில் இறங்கக் கூடாது. எனக்கு இதில் கஷ்டமே இல்லை. நம்மூர் பீச் ரோட்டில் வளர்ந்தவன், கடலைக் கரையில் நின்று சுண்டல் தின்றபடி பார்த்துத்தான் பழக்கம்.

இதெல்லாம் சுற்றுலா. சொல்ல வந்த சமாசாரம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை சேன்-ஆந்த்ரே என்ற ஊரில், தம்பிக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் சாப்பாடு. சுற்றிலும் கரும்புக் காடு. கோபுரம் வைத்த கோயில்கள். பெரியவர் நெற்றியில் விபூதி, சாட்சாத் எங்க பெரியப்பா ஜாடை. வாயைத் திறந்தால் கிரியோல். இவர்களுக்கு அங்கே 'மலபார்' என்று பேர். வந்த தமிழர்களுக்கு இருந்தது ஒரே பேர். பதிவேடு எழுதியவர்கள் அதையே குடும்பப் பேராக ஆக்கிவிட்டார்கள். அதனால் முதல் பாதி ழான் என்றும் பியர் என்றும் பாரீஸில் இருக்கும், பின்பாதி ராமசாமி என்று முத்தியால்பேட்டையில் இருக்கும். தீமிதி உண்டு. பாஞ்சாலியைப் 'பாந்தியலே' என்பார்கள். காவடி உண்டு. ராத்திரி முழுக்க நாடகம்கூட உண்டு. பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்கள்.

எப்படிப் போனார்கள்? 1848 டிசம்பர் 20-ல் தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். முதலாளிகள் நம் கரைப் பக்கம் திரும்பினார்கள். ஏனாமிலிருந்து 1828-லேயே கொஞ்சம் பேர் போயிருந்தார்கள். 1860-ல் பிரிட்டிஷாருடன் உடன்படிக்கை ஆனதும் புதுச்சேரி, காரைக்கால் கப்பல்கள் நிரம்பின. ஐந்து வருஷ ஒப்பந்தம். 1882-ல் பிரிட்டிஷார் நிறுத்தும் வரை நடந்தது. இறங்கியதும் தொற்றுநோய்க்குப் பயந்து கடலோரத்தில் அடைத்து வைப்பார்களாம். லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் அந்தக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. பார்த்தேன். வாசலில் நின்றால் கடல்தான் தெரிகிறது. அந்தப் பக்கம் நம்ம ஊர்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். ஆவணக் காப்பகத்தில் வாங்கிய நகல். அவருடைய கொள்ளுத்தாத்தா பேர், அப்பா பேர், வயது, 1862. கடைசியாகக் கிராமம். வீட்டில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். புதுச்சேரியிலிருந்து ஆள் வந்திருக்கிறதே!

நான் எழுத்துக் கூட்டினேன். "பூ... தூ... கூ... போம்." பூதக் கூப்பமா? மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை பொறி தட்டியது.

"புதுக்குப்பம்! தெரியும் ஸார், எனக்குத் தெரியும்!"

தம்பி மொழிபெயர்த்ததும் வீடே எழுந்து நின்றுவிட்டது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே இருக்கிறது? கடல் பக்கமா? மரம் இருக்கிறதா? நானும் உற்சாகத்தில், "பாகூர் தாண்டி மணப்பட்டு, அதுக்கு அந்தாண்டை கடலோரம்" என்று வழி சொல்லிவிட்டேன். பெரியவர் 'மணப்பட்டு' என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். அவர் சம்சாரம் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

காரில் வரும்போது தம்பி கேட்டான். "அண்ணே, நம்ம பக்கம் எத்தனை புதுக்குப்பம் இருக்குன்னு தெரியுமா?"

தெரியும். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒன்று. பூம்புகார்ப் பக்கம் ஒன்று. மீன் பிடிக்கிறவர்கள் பத்துப் பேர் புதிதாகக் குடிசை போட்டால் அது புதுக்குப்பம். நூற்றறுபது வருஷத்துக்கு முன் எது புதுசோ, யார் கண்டது? ஆபீஸில் ஒரு ரசீது நம்பர் தப்பாகப் போட்டாலே எனக்குத் தூக்கம் வராது. ஒரு மனுஷனுக்கு சொந்த ஊரையே தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு மணப்பட்டுப் புதுக்குப்பம் போனேன். தோப்பு, மணல், வலை காயப் போட்ட படகு எல்லாவற்றையும் படம் எடுத்தேன். டீக்கடைக்காரர், "என்ன ஸார், பிளாட் போடப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பெஞ்சில் இருந்த கிழவர், "எங்க வகையறாவுல ஒருத்தர் கப்பலேறிப் போனாரு, திரும்பலே" என்றார். எந்த ஊருக்கு? "அது யாருக்குத் தெரியும்?"

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அடுத்த வாரம் பரங்கிப்பேட்டை பக்கம் போனேன். அங்கேயும் ஒரு பாட்டி, "எங்க வூட்லயும் ஒருத்தர் கப்பலேறிப் போனாருப்பா" என்றாள். அதற்கடுத்த வாரம் பூம்புகார். அங்கேயும் ஒருத்தர் போயிருக்கிறார். ரங்கூனோ, பினாங்கோ, ரீயூனியனோ. எல்லாக் குப்பத்திலும் ஒருத்தர் போயிருக்கிறார், திரும்பி வரவில்லை.

மூன்று ஊர்ப் படத்தையும் தம்பிக்கு அனுப்பி, "நான் அவசரப்பட்டுட்டேன்னு பெரியவர்கிட்ட சொல்லிடு" என்றேன். ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பெரியவர் கோபப்படவில்லையாம். மூன்றையும் பெரிசாகப் பிரிண்ட் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டிவிட்டாராம். நாலாவதாக ஒரு ஆணியும் அடித்து வைத்திருக்கிறாராம், வேறே புதுக்குப்பம் இருந்தால் அனுப்பச் சொல்லி.

காரைக்கால் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமென்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.