தெரியாத பெயரில் வருபவருக்கு என்ன பதில்?

ஒரே வெப் சர்வரில் பல டொமைன்களை வைத்து நடத்துவது என் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், இன்னொரு டொமைனை எப்படிச் சேர்ப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். சேர்ப்பது எளிது. பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பிரவுசர் வந்தால் சர்வர் என்ன செய்யும்? எந்தச் சர்வரைக் கையில் எடுத்தாலும் இதற்கான பதிலைத்தான் நான் முதலில் எழுதுகிறேன்.

எச்டிடிபியின் தொடக்க காலத்தில் பிரவுசர் பக்கத்தின் பாதையை மட்டும் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. ஆகவே தளத்துக்கு ஒரு ஐபி முகவரி வேண்டியிருந்தது. 32 பிட் முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1, தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' வரியைக் கட்டாயமாக்கியது. எங்கள் தொழிலே அந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது. பாதுகாப்பான இணைப்பில் மட்டும் சிக்கல் தொடர்ந்தது: ஹோஸ்ட் வரி வந்து சேர்வதற்கு முன்பே சர்வர் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். 2003-இல் வரையறுக்கப்பட்ட எஸ்என்ஐ, பெயரை முன்கூட்டியே சொல்ல வழி செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை தெரியாது. அதனால் இந்த வழி நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பயன்படுத்தும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் முதலில் பார்ப்பது, கோரிக்கை எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட்டுக்கு வந்தது என்பதை. பெயரை அதற்குப் பிறகே பார்க்கும். கான்ஃபிக்கில் தளத்துக்கு ஒரு பிளாக் எழுதியிருப்போம்; பெயர் எதோடும் பொருந்தாவிட்டால் அந்தப் போர்ட்டின் டிஃபால்ட் பிளாக்கிடம் கோரிக்கையை ஒப்படைத்துவிடும். எதையும் டிஃபால்ட் என்று நாம் குறிக்காவிட்டால், முதலில் படித்த பிளாக்கே டிஃபால்ட். டெபியனிலும் உபுண்டுவிலும் தளக் கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. உடன் வரும் டிஃபால்ட் கோப்பைப் பலர் முதல் வேலையாக நீக்கிவிடுவார்கள். அப்புறம், பெயர் வரிசையில் முன்னால் நிற்கும் ஒரு வாடிக்கையாளர் புதிதாகச் சேர்ந்தால் போதும்; ஊர் பேர் தெரியாத கோரிக்கை எல்லாம் அவர் தளத்தில் போய் இறங்கும். அப்பாச்சியிலும் இதே கதைதான். டெபியன் அதன் முதல் கோப்பின் பெயரை மூன்று பூஜ்யங்களோடு தொடங்குவது சும்மா அல்ல.

விளைவு சிறியதில்லை. யாரோ தன் டொமைனை நம் ஐபிக்குத் திருப்பிவிட்டால், அந்தப் பெயரில் நம் வாடிக்கையாளரான ஒரு மருத்துவமனையின் தளம் திறக்கலாம். தேடுபொறி அதை இன்னொரு தளமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பார்க்கிறவர் சர்வரைக் குறை சொல்ல மாட்டார்; மருத்துவமனையைத்தான் சந்தேகிப்பார்.

நம் சொந்த வாடிக்கையாளரே தெரியாத பெயராகிவிடும் இடங்களும் உண்டு. டொமைனுக்கு ஐபிவி6 முகவரி கொடுத்திருப்போம், அதன் பிளாக்கில் ஐபிவி6-ஐக் கேட்கும் வரி விடுபட்டிருக்கும். வீட்டில் ஐபிவி4 வழியே சரியாகத் திறக்கும் தளம், ஐபிவி6 வழியே வரும் கைபேசியில் வேறு எதையோ காட்டும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் டொமைன்கள் இன்னொரு வகை. கான்ஃபிக் கோப்பில் பெயரைத் தமிழிலேயே எழுதினால் பொருந்தாது. பிரவுசர் அதைப் புனிகோடு என்ற ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. கோப்பிலும் புனிகோடுதான் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரைப் பக்கத்தில் குறிப்பாக எழுதி வைப்பேன். அடுத்து வருகிறவருக்கு அது யாருடைய தளம் என்று தெரிய வேண்டுமே.

என் டிஃபால்ட் பிளாக் மிகச் சின்னது. 80-ஆம் போர்ட்டில் 444: என்ஜின்எக்ஸ் பதிலே சொல்லாமல் இணைப்பை மூடிவிடும். 443-இல் சான்றிதழ் எதையும் காட்டாமல் கைகுலுக்கலையே மறுக்கச் சொல்கிறேன். 2020-இல் வந்த 1.19.4 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது.

சான்றிதழ் டொமைனுக்கு ஒன்று என்பதில் நான் பிடிவாதக்காரன். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரே சான்றிதழில் 100 பெயர்கள்வரை ஏற்கிறது. அப்படிச் சேர்த்துவிட்டால், ஒருவர் வேறு சர்வருக்குப் போனதும் அவர் பெயருக்கான சரிபார்ப்பு தோற்கும், மற்றவர்களின் புதுப்பிப்பும் அதோடு நிற்கும். ஒருவர் சான்றிதழைத் திறந்து பார்த்தால் நம் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அதில் இருக்கும் என்பது வேறு. டொமைனுக்குத் தனிப் பயனர், தனி பிஎச்பி பூல், தனி லாக் என்பதும் இதே வகைப் பிடிவாதம்தான். ஒரு தளத்தின் பழைய பிளகின் வழியே நுழைந்தவர் பக்கத்துத் தளத்தின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லைப் படிக்கக் கூடாது.

சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் விலகிய பிறகும் அவருடைய டிஎன்எஸ் பதிவு பல நாள் நம் ஐபியையே காட்டிக்கொண்டிருக்கலாம். பிளாக்கை எடுத்து, கான்ஃபிக்கைச் சோதித்து, ரீலோட் செய்த பிறகு, கர்லில் அந்தப் பழைய பெயரை நம் ஐபியோடு பொருத்தி ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் கேட்டுப் பார்ப்பேன். இரண்டிலும் இணைப்பு மூடப்பட்டால்தான் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பேன்.