முறிகண்டிக்கு அப்பால் ஒரு மூலிகை வேலி

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, கச்சான் பொதியொன்று வாங்காமல் அப்பாற் செல்வதில்லை. அண்மையில் நாமும் அவ்வழக்கத்தை நிறைவேற்றியபின், மைத்துனருடன் இரணைமடுக் குளத்தை அண்டிய சிற்றூர் ஒன்றுக்குச் சென்றோம். மைத்துனருக்குப் பத்தாண்டுகளாய் நீரிழிவு. அங்குள்ள முதிய பரியாரியாரைக் காண்பதே எமது நோக்கம்.

பரியாரியாரின் வேலியே ஒரு மருந்துச்சாலை. மஞ்சட்பூக் குலுங்கும் ஆவரசு, கொடியாய்ப் படர்ந்த சிறுகுறிஞ்சா, வேலியடியில் வெட்டுக்காயப் பூண்டு. காடு அருகிருக்க வேலியில் வளர்ப்பதேன் என வினவினோம். 2009இல் போர் ஓய்ந்த பின்னும் மிதிவெடிக்கு அஞ்சிப் பழகிய காட்டினுள் நெடுங்காலம் கால்வைக்க இயலவில்லை என்றார்.

"தம்பி, இதைச் சப்பிப் பாரும்" என்று சிறுகுறிஞ்சா இலையொன்றைத் தந்தார். கசந்தது. அதன்பின் வாயிலிட்ட சீனி மணலாய்க் கரகரத்தது! இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் தடுத்துவிடுகின்றன.

"இனிக் குளிசை எதற்கு?" என்று மைத்துனர் மகிழ்ந்தார். பரியாரியாரின் கண்களோ, வாசலிற் செருப்பைக் கழற்றியிருந்த மைத்துனரின் பெருவிரலில் நிலைத்தன. அங்கே ஒரு புண்.

"நோகுதோ?"

"இல்லை ஐயா. செருப்புக் கடித்தது, பத்து நாளாயிற்று."

"நோகாததுதான் பயம்."

நீரிழிவு நாளடைவில் கால் நரம்புகளை மரக்கச் செய்யும், குருதியோட்டத்தையும் குறைக்கும். அதனால் புண் நோவின்றியே பெருகும். சிறு கீறலுக்குப் பூண்டின் சாறு பிழியும் அப்பெரியவர், இப்புண்ணில் அதனை இட இசையவில்லை. "இப்பவே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றார்.

மைத்துனர் எறிய எண்ணிய மெட்போமின் குளிசையும் மூலிகைக்கு உறவானதே. கலேகா என்னும் ஐரோப்பியப் பூண்டிற் கண்ட சேர்மத்தை அடியொற்றியது அது. 1922இல் ஆக்கப்பெற்று, 1957இல் ழான் ஸ்தேர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியரால் நீரிழிவு மருந்தாக நிலைநாட்டப்பட்டது. அளவு கண்டறியப்பட்டமையே அதன் சிறப்பு. வைத்தியர் அறியாமல் இலையையும் குளிசையையும் ஒருங்கே உண்பின், குருதியிற் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கமும் நேரலாம்.

மைத்துனரின் விரல் பிழைத்தது. தம் மருந்தின் எல்லையை அறிந்த ஒருவரின் கண்ணே அதனைக் காத்தது. வீட்டில் நீரிழிவுடைய பெரியோர் இருப்பின், இன்றிரவு அவர்தம் பாதங்களை ஒருமுறை பாருங்கள்.