ஊதாரி என்றொரு குதிரை

எங்கள் நைனார்பாளையத்துக் குழந்தைகளுக்குக் குதிரையென்றால் இரண்டுதான் தெரியும்: ஒன்று அய்யனாரின் மண் குதிரை, மற்றொன்று செஞ்சித் தேசிங்குராஜன் கதைக் குதிரை. மூன்றாவது ஒன்றையும் வகுப்பில் நான் சொல்வதுண்டு.

அதன் பெயர் 'ஸ்க்வாண்டரர்'. தமிழில் 'ஊதாரி' என்று பொருள். இப்படியும் ஒரு பெயரா என்று பையன்கள் சிரிப்பார்கள். 1973-ல் நம் நாட்டு மண்ணிலேயே பிறந்த ஜாதிக் குதிரை அது. ரஷீத் பைரம்ஜி அதைப் பழக்கினார். ஓடிய 19 பந்தயங்களில் 18-ல் அதுவே முதல்! 1976-77 பருவத்தில் 1,600, 2,400, 2,800 மீட்டர் என்று நீண்டுகொண்டே போகும் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் சூடியது. குறுகிய ஓட்டத்துக்கு வேகம் வேண்டும். நெடிய ஓட்டத்துக்கு மூச்சைச் சேமிக்கும் நிதானம் வேண்டும். இரண்டும் ஓருடலில் அமைவது அபூர்வம்.

இதனால் நான் பந்தயத்துக்குப் பரிந்து பேசுவதாக எண்ண வேண்டாம். என் உறவினர் ஒருவர் கிண்டிக்குப் போய்ப் போயே இரண்டு காணி நஞ்சையைத் தொலைத்தார். 1974-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996-ல் உச்ச நீதிமன்றமோ, இது சூதாட்டமன்று, திறமையே பிரதானம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் மட்டில் அத்தீர்ப்பை நானும் ஒப்புகிறேன். பணம் கட்டியவரின் மனைவியைக் கேட்டால் வேறு தீர்ப்புக் கிடைக்கும்.

ஊதாரி என்று பெயரிடப்பட்ட அந்தப் பிராணி தன் மூச்சில் ஒன்றையும் வீணாக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர்கள் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள்.