அண்ணாமலை நகர் மைதானத்திலிருந்து

அண்ணாமலை நகர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பருக்கு,

சிதம்பர தரிசனத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமென்றே காகிதத்தை எடுத்தேன். ஆனால் நேற்று மாலை, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் ஸ்தாபித்த இந்தச் சர்வகலாசாலையின் வளாகத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது, புழுதி பறக்க ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களின் மட்டைச் சத்தம் செவியில் விழுந்ததும், ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்தவனுடைய கால்கள் தாமாகவே அங்கே நின்றுவிட்டன என்பதை நீர் வியப்பின்றி நம்புவீர்.

ஆட்டம் முடிந்து திண்ணையில் அமர்ந்த ஒரு மாணவரோடு பேச்சுக் கொடுத்தேன். அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளை. நம் ஊரில் பயின்று இந்திய அணிக்குப் போன கார்த்தி செல்வத்தின் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. “தொழில்முறை ஹாக்கி லீக்கில் ஆட ஆசை இல்லையா?” என்று கேட்டேன். “ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைத்தால் போதும், சார். லீக் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது” என்றார்.

அந்தப் பதில் இராத்திரி முழுவதும் என்னை விடவில்லை. இருபது வருஷச் சரித்திரத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே! 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் பிறந்தபோது, ‘சென்னை வீரன்ஸ்’ என்று தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தொழில்முறை அணியைக் கண்டு நாம் எவ்வளவு பூரித்தோம்! எழுபது நிமிஷ ஆட்டத்தைப் பதினேழரை நிமிஷம் கொண்ட நாலு பகுதிகளாக அவர்கள் பிரித்ததைப் பெரியவர்கள் அபசாரமென்றார்கள். பகுதிக்குப் பதினைந்து நிமிஷமாக நாலு பகுதி என்பதைச் சர்வதேச சம்மேளனமே பிற்பாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் முதல் பருவத்து ஆட்டங்களெல்லாம் ஹைதராபாத்தில் நடந்தன. பாகிஸ்தானத்து சொஹைல் அப்பாஸின் பெனால்டி கார்னர் அடிகளின் பலத்தில் கிண்ணமும் அவ்வூர் அணியான சுல்தான்ஸுக்கே போயிற்று. நம் வீரன்ஸோ சொந்த ஊர் ஜனங்களின் கரகோஷத்தைக் கேளாமல் அயலூரில் ஆடினார்கள்.

நாலு பருவங்களோடு அது நின்றது. 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பின் முதல் தடவையாக ஒலிம்பிக் வாய்ப்பை இந்தியா இழந்ததும், அடுத்த மாதமே இந்திய ஹாக்கி சம்மேளனம் முடக்கப்பட்டதும் உமக்கு நினைவிருக்கும். அன்று உம் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தது. நம் அணி ‘சென்னை சீட்டாஸ்’ ஆயிற்று. சர்வதேச அங்கீகாரம் பெறாத அந்தப் போட்டிக்கு இரண்டாவது பருவமே வாய்க்கவில்லை. மறு வருஷம் ஐந்து அணிகளோடு துவங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாட்டுக்கு இடமில்லை. அது 2017-உடன் உறங்கி, 2024 டிசம்பரில் விழித்தபோதுதான் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்ற பெயரில் நாம் மறுபடி சேர்ந்தோம். அப்பருவத்து ஆடவர் ஆட்டங்களும் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலுமே நடந்தன.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் பனித்தரை ஹாக்கிக்கு 1988-இல் ஐந்தே அணிகளோடு துவங்கிய சிறு லீக் ஒன்று, அங்குள்ள முதல்நிலை லீக்குக்கு இரண்டு படிகள் கீழே இருந்துகொண்டே இன்றளவும் ஜீவித்திருக்கிறது. ஜான்ஸ்டவுன் போன்ற சிற்றூர் ஜனங்கள் குளிர்காலம் தோறும் தங்கள் அரங்கிலேயே தங்கள் அணியைப் பார்த்ததுதான் அதற்கு வேராயிற்று என்பது என் அபிப்பிராயம். வீரன்ஸ், சீட்டாஸ், டிராகன்ஸ் என்று மும்முறை பெயர் சூட்டிய நாம், ஒரு பெயரையாவது நம் ஊர் லக்ஷ்மி அம்மாள் கோப்பை ஹாக்கிப் போட்டிக்குக் கூடுகிற கூட்டத்தின் நடுவில் வளரவிட்டிருந்தால், அந்தப் பிள்ளை வேறு பதில் சொல்லியிருப்பார்.

அவருடைய மட்டையின் கைப்பிடி நைந்திருந்தது. நம் கடைத்தெருவில் கிடைக்கும் நல்ல பிடித்துணிச் சுருள் இரண்டை வாங்கி, நான் தங்கியிருக்கும் விடுதிக்கு என் பேரில் அனுப்பும். வியாழன் வரை இங்கேதான் இருப்பேன்.

என்றும் உமது அன்புள்ள,
நண்பன்.