தேர்வு மாதத்திலும் மைதானம் வேண்டும்

செமஸ்டர் நெருங்கினால் முதலில் நின்றுபோவது விளையாட்டுதான். தாம்பரம் பக்கம் இதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். மாலையில் பந்து உதைத்த பிள்ளைகள் அறைக்குள் அடைந்துவிடுகிறார்கள். இன்டர்னல், ரெக்கார்டு, அரியர், பிளேஸ்மென்ட் என்று மனசு ஓயாமல் ஓடுகிறது. உடம்பு நாற்காலியை விட்டு அசைவதில்லை.

உண்மையில் அப்போதுதான் உடம்பு அசைய வேண்டும். வேகமாக நடந்தால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், பதற்றம் தணியும், இரவில் நல்ல தூக்கம் வரும். படித்தது நினைவில் நிலைக்க அந்தத் தூக்கம் அவசியம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். குறைந்த அளவைக் கணக்கிட்டால் நாளுக்குச் சுமார் 22 நிமிடம்.

இதற்கு இடமும் நேரமும் வேண்டும். 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு 365 ஏக்கர் வளாகம், மரங்களும் மைதானங்களுமாக. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் மின்சார ரயிலில் வந்துபோகும் மாணவர்கள் வீடு சேரும்போது இருட்டிவிடுகிறது. பெண்களுக்கு அந்த நேரத்தில் தெருவில் நடப்பதே கஷ்டம். அவர்களுக்குக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே விளையாட்டு வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வுக் காலத்தில் விளையாட்டு வகுப்பைப் பறிக்காதீர்கள். பெற்றோர்களே, மாலையில் அரைமணி நேரம் பிள்ளையை வெளியே அனுப்புங்கள். தம்பி, தங்கைகளே, நடந்தும் பாரம் குறையவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது. தயங்காமல் பேசுங்கள்.