மருதையாறு கடந்து முத்துநகருக்கு

தூத்துக்குடியை ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாளைய விருப்பம். வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் சென்று வருபவர், கடலைக் காணாதவரல்லர். பின் எதற்குத் தூத்துக்குடி என்று பேரப்பிள்ளைகள் வினவும்போதெல்லாம், "அந்த வண்டி போய்ச் சேர வேண்டிய ஊர் அதுதானே?" என்பார்.

அந்த வண்டியைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி, அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் செல்கையில் மருதையாற்றுப் பாலத்தின்மேல் ஏறியது. அடைமழையால் பெருகிய வெள்ளம் பாலத்தை வலுவிழக்கச் செய்திருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்ததை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர்.

என் தாயாருக்கு அது பாடமன்று. அப்போது அவருக்கு வயது 16. வீடு ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். பாட்டனார் கயிறும் அரிக்கன் விளக்கும் எடுத்துக்கொண்டு ஓட, பின்னாலேயே இவரும் ஓடினாராம். கரையேற்றப்பட்டவர்களுக்குப் போர்த்திக்கொள்ள வீட்டிலிருந்த உலர்ந்த சேலைகளையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அவர்களுள் ஒரு மூதாட்டி, "தூத்துக்குடி வந்திடுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னேன் தம்பி" என்று என் தாயார் சொல்லும்போது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் குரல் கம்மும்.

கடந்த தை மாதத்தில் ஒரு வழியாகப் பயணம் கைகூடியது. இரண்டே நாள் பயணம். இரவு வண்டி, கீழ்ப்படுக்கை அவருக்கு. ஆனால் அவர் படுக்கவில்லை. அன்றைய மீட்டர் பாதை இன்று அகலப்பாதை, பாலமும் வேறு. சக்கரங்களின் ஓசை பாலத்தின்மேல் மாறியபோது, சன்னல் கம்பியைப் பற்றியபடி செபமாலையின் ஒரு மணியிலேயே விரலை நிறுத்தியிருந்தார். ஓசை பழையபடி ஆனதும்தான் அடுத்த மணிக்கு நகர்ந்தார். ஓரிரு நிமிடங்கள்தாம் இருக்கும். எனக்கோ நெடுநேரம்போல் தோன்றியது.

திருச்சி, திண்டுக்கல், மதுரை எல்லாம் உறக்கத்தில் கழிந்தன. மணியாச்சியில் விழித்தோம். 1911-இல் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட நிலையம் இதுவே. அங்கிருந்து சிறிது நேரத்தில் தூத்துக்குடி. இறங்கியதும் தாயார் நடைமேடையில் நின்று பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "வந்திடுச்சு ஆத்தா" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தேன்.

முதலில் பனிமய மாதா பேராலயம். 1542-இல் புனித சவேரியார் வந்திறங்கிப் பரதவ மக்களிடையே பணியாற்றிய கரை இது. அன்னையின் திருச்சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதனைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாவின்போது கால் வைக்க இடமிராது என்கின்றனர். நாங்கள் சென்ற காலையில் அமைதி. திருப்பலிக் கருத்து எழுதும் சீட்டில் இறந்தோர் பெயர் கேட்டிருந்தது. தாயாருக்கு ஒருவர் பெயரும் தெரியாது. "மருதையாற்றில் மாண்டோர்" என்று எழுதச் சொன்னார். சீட்டைப் பெற்றுக்கொண்ட இளைஞர் ஒருகணம் எங்களை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பிற்பகல் பழைய துறைமுகத்தில் கழிந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் இவ்வூருக்கு வந்துதான் கப்பலேறினர். அந்தக் கடல்வழியில்தான் வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையரோடு போட்டியிட்டார். 1974-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிறையில் செக்கிழுத்தவரின் பெயரைப் பெருங்கப்பல்கள் வந்தணையும் துறையில் படிப்பது நெஞ்சுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. பழைய துறையில் தோணிகளைக் கண்டோம். மாலத்தீவு வரை சரக்கு கொண்டு செல்வன இவை. புதிய துறைமுகச் சாலையில் உப்பளங்கள். அந்த வெண்மையை நண்பகலில் கண்கொண்டு பார்க்க முடியாது. உப்பு வாரும் பெண்களோ அதில் நாள் முழுதும் நிற்கிறார்கள்.

கடற்கரையில் தாயார் ஒரு சிப்பியைப் பொறுக்கினார். "இது நம்ம ஊர்லயே கிடைக்குமே" என்றார். உண்மைதான். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலடியில் கிடந்தது. நம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் அகப்படுகின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். நம் ஊரின் சிமெண்டுக்கு மூலமே அந்தக் கடல்தான். இருந்தும் சிப்பியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பேரப்பிள்ளைகளுக்காக மக்ரூன் வாங்கினோம். முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்வது. கூம்பு வடிவில், வாயிலிட்டால் கரைந்துவிடும். முந்திரி விளையும் மாவட்டத்தார் நாம், இதை ஏன் செய்யக் கற்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

இரவே திரும்பும் வண்டி. கல்லகம் தாண்டியதும் தாயாரை எழுப்ப எண்ணிப் பார்த்தேன். கை நழுவிக் கிடந்த செபமாலையோடு ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். பாலத்தின் ஓசை எழுந்து அடங்கியது. அரியலூர் நிலைய விளக்குகள் தெரிந்த பிறகே தட்டி எழுப்பினேன்.

"ஆறு தாண்டியாச்சா தம்பி?" என்றார்.

"தாண்டியாச்சு அம்மா. பையை எடுங்கள்" என்றேன்.