அடைப்பு எங்கே?

கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்களின் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களைச் சென்றடைகிறது. கடைமடையில் நீர் குறைந்தால் உழவர் உடனே மடையை இடிப்பதில்லை. வாய்க்கால் கரையோரம் நடந்து, எவ்விடத்தில் அடைப்பு நேர்ந்துள்ளது என்பதையே முதலில் காண்பர்.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள அஞ்சுகிராமத்தில், உழவர் குடும்பத்தைச் சேர்ந்த பாலிடெக்னிக் மாணவன் ஒருவனுக்கு இத்தகைய ஆய்வு கணினியில் தேவைப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அக்கணினியில் விளையாடத் தொடங்கிய கால்மணி நேரத்தில் காட்சிகள் திக்கித் திக்கி நகர்ந்தன. நுண்செயலி பழையதாகிவிட்டது என்றும், அதனை மாற்றியே ஆகவேண்டும் என்றும் அவன் எண்ணினான். கும்பப்பூ நெல் விற்ற பணத்தில் தந்தை கொடுத்த ரூ.15,000 அவன் கையில் இருந்தது. ஆயினும் அது அடுத்த பருவத்திற்குரிய கல்விக் கட்டணம். அதனைச் செலவிட்டால் குடும்பம் கடன் வாங்க நேரும். தயங்கியபடியே அவன் தந்தையிடம் கூறினான். அவர் சினக்கவில்லை. “அடைப்பு எங்கன்னு பாத்தியா மக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வினா அவனைச் சிந்திக்கச் செய்தது. விளையாட்டில் எப்பொருள் எங்கு நகர வேண்டும் என்பதை நுண்செயலி கணக்கிடுகிறது. அதனைக் காட்சியாகத் தீட்டுவது வரைகலை அட்டை. நொடிக்கு 60 காட்சிகள் தோன்ற வேண்டுமாயின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்குள் உருவாக வேண்டும். இரண்டில் மெதுவாக இயங்குவதே மொத்த வேகத்தையும் முடிவுசெய்யும்.

எனவே அவன் ஒரு சோதனை செய்தான். திரையின் படப்புள்ளிகளை 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 எனக் குறைத்தான். வரைகலை அட்டையின் சுமை பாதிக்கும் கீழாகக் குறைந்தது; வேகமோ கூடவில்லை. ஆகவே, தடை நுண்செயலியின் பக்கமே இருந்தது. அவன் ஐயம் உறுதிப்பட்டது போலவே தோன்றியது.

ஆனால், பழமைதான் காரணம் என்றால் முதல் நிமிடத்திலிருந்தே வேகம் குறைந்திருக்க வேண்டுமே! கால்மணி நேரம் நன்றாக இயங்கியது எவ்வாறு? இக்கேள்வியுடன் வெப்பநிலையை அளந்தான். அது 95 டிகிரி செல்சியசைத் தொட்டிருந்தது. மிகுவெப்பத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தபோது, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடையே தூசி அடைந்திருந்தது. நுண்செயலிக்கும் அத்தகடுகளுக்கும் நடுவே பூசப்பட்ட பசை காய்ந்து போயிருந்தது. தூசியை அகற்றிப் புதிய பசை பூச, சில நூறு ரூபாயே செலவாயிற்று. வெப்பம் தணிந்தது, திக்கலும் நின்றது.

அவன் புதிய நுண்செயலியை வாங்கியிருந்தால், அதனைப் பொருத்தும்போதும் தகடுகள் துடைக்கப்பட்டுப் புதிய பசை பூசப்பட்டிருக்கும். திக்கல் நின்றிருக்கும். அதனைப் புதிய பொருளின் ஆற்றல் என்றே அவன் வாழ்நாள் முழுவதும் நம்பியிருப்பான். தேவையற்ற செலவுகள் பலவும் பிழையெனத் தெரியாமலே போவது இவ்வாறுதான்.

மாற்றமே கூடாது என்பது இதன் பொருளன்று. நாளை வரும் விளையாட்டுகளுக்கு அந்த நுண்செயலி போதாமல் போகலாம். அப்போதும் தாய்ப்பலகை எதனை ஏற்கும் என்று பார்ப்பது முறை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்தி 2016இல் அறிமுகமானது. 2022இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி நுண்செயலியும் அதற்கெனவே அமைந்தது. அதே ஆண்டில் வந்த ஏஎம்5 பொருத்திக்கோ புதிய தாய்ப்பலகையும் டிடிஆர்5 நினைவகமும் வேண்டும். ஒன்றை மாற்றப் புகுந்தால் மூன்றை மாற்ற நேரலாம்.

கல்விக் கட்டணம் உரிய நாளில் செலுத்தப்பட்டது. நுண்செயலி இன்னும் மாற்றப்படவில்லை. மாற்ற வேண்டிய நாளை எவ்வாறு அறிவது என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.